கண்மாய் பச்சையானால் வரத்துக்காலை நடந்து பாருங்கள்

கேள்வி: மேலூர் வட்டத்தில், பெரியாறு பிரதான கால்வாயின் தண்ணீரை நம்பி ஒரு போகம் விளைவிக்கும் சிற்றூர் எங்களுடையது. ஊரில் ஏறத்தாழ 300 வீடுகள். எங்கள் மகளிர் குழுவின் சார்பாக இதை எழுதுகிறேன். ஊர்க் கண்மாய் 40 ஏக்கர் பரப்புள்ளது. மூன்று ஆண்டுகளுக்கு முன் வீட்டுக்கு வீடு குடிநீர்க் குழாய் வந்தது. தெருவில் சிமெண்ட் வாய்க்காலும் கட்டினார்கள். அந்த ஆண்டிலிருந்தே தை பிறந்ததும் கண்மாய்த் தண்ணீர் பச்சைக் குழம்பாகி நாற்றமெடுக்கிறது. சென்ற மாசியில் ஒருநாள் விடியும்போது மீன்கள் கூட்டங்கூட்டமாகச் செத்து மிதந்தன. குளிக்கும் பிள்ளைகளுக்கு உடம்பு அரிக்கிறது. பிளீச்சிங் பவுடர் போடலாம் என்கிறார்கள் சிலர். நுண்ணுயிர்க் கரைசல் ஊற்றிச் சுத்தம் செய்து தருவதாக ஒரு தனியார் நிறுவனத்தார் வந்து பேசிவிட்டுப் போனார்கள். ஜேசிபி விட்டு அள்ளி ஆழப்படுத்தினால் போதும் என்கிறார்கள் இளைஞர்கள். எதைச் செய்வது? கரைக்குக் கீழே இருக்கும் எங்கள் வீட்டுக் கிணற்று நீரும் இப்போது சுவை மாறியிருக்கிறது. அடுத்த மாதம் மகளைப் பிரசவத்துக்கு அழைத்து வர இருக்கிறோம்.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மேலூர் வட்டம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

கடிதத்தின் முடிவில் ஒரு வரியாக நீங்கள் எழுதியிருப்பதிலிருந்தே தொடங்குகிறேன். கண்மாய் இன்னும் சில மாதம் காத்திருக்கும். பிறக்கப்போகும் குழந்தை காத்திருக்காது. சோதனை முடிவு கைக்கு வரும்வரை அந்தக் கிணற்று நீரைக் குடிக்கவோ சமைக்கவோ பயன்படுத்த வேண்டாம். குழாயில் வரும் குடிநீரையே அதற்கு வைத்துக்கொள்ளுங்கள். கிணற்று நீர் துணிக்கும் பாத்திரத்துக்கும் போதும்.

இவ்வளவு கண்டிப்பாகச் சொல்வதற்குக் காரணம் நைட்ரேட். மலம், சிறுநீர், சாணம், யூரியா ஆகியவற்றிலுள்ள நைட்ரஜன் மண்ணுக்குள் இறங்கும்போது நைட்ரேட்டாக மாறி, நிலத்தடி நீரோடு தடையின்றி நகர்கிறது. இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் அது லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது; வேறு சில உப்புகளுக்கு உள்ளதுபோல 'மாற்று நீர் இல்லையென்றால் இன்னும் கொஞ்சம் ஏற்கலாம்' என்ற தளர்வு இதற்குக் கிடையாது. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையின் உடலில் இது இரத்தம் ஆக்ஸிஜனைச் சுமந்து செல்லும் திறனைக் குறைத்துவிடும். குழந்தையின் உதடும் நகமும் நீலம் பாரிக்கும். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. மாவுப்பாலை அந்த நீரில் கரைத்துக் கொடுக்கும்போதுதான் ஆபத்து. நம் பக்கத்தில் பிறந்த குழந்தையின் நாவில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைக்கும் வழக்கம் இருக்கிறதே, அதை இந்த முறை விட்டுவிடும்படி வீட்டுப் பெரியவர்களிடம் இப்போதே சொல்லி வையுங்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைட்ரேட் சாகாது. தண்ணீர் ஆவியாகக் குறையக் குறைய அதன் செறிவு கூடத்தான் செய்யும்.

நைட்ரேட்டுக்குச் சுவை இல்லை. நீங்கள் நாவில் உணரும் மாற்றம் குளோரைடு போன்ற உப்புகளால் வருவது. ஆனால் கழிவுநீர் வந்து சேரும் கிணற்றில் அந்த உப்பும் நைட்ரேட்டும் பெரும்பாலும் ஒரே வழியில்தான் வரும் என்பதால், சுவை மாறியதை நீங்கள் கவனித்தது மிக நல்லதாயிற்று.

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடம் மதுரையில் இருக்கிறது. இரசாயனச் சோதனைக்கு இரண்டு லிட்டர் புதிய கேனை, அதே கிணற்று நீரால் மூன்று முறை அலசிவிட்டு, கழுத்துவரை நிரப்பி மூடுங்கள். கிருமிச் சோதனைக்குக் கூடத்தாரே கிருமிநீக்கம் செய்த பாட்டில் தருவார்கள். அதை அலசக் கூடாது, வாய்ப்பகுதியைக் கை தொடக் கூடாது, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து அன்றைக்கே சேர்க்க வேண்டும். ஊராட்சியில் களப் பரிசோதனைப் பெட்டி இருந்தால், அதிலுள்ள சிறு குப்பியில் கிணற்று நீரை ஊற்றி ஓரிரு நாள் வைத்தாலே, கழிவுக் கிருமி கலந்த நீர் கறுப்பாக மாறிக் காட்டிக்கொடுக்கும். உங்கள் குழுவில் இருவர் கற்றுக்கொண்டால் ஊரின் எல்லாக் கிணறுகளையும் மாதம் ஒருமுறை பார்த்துவிடலாம்.

இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். கிணறு கெட்டதற்குக் கண்மாய்தான் காரணம் என்று நீங்கள் முடிவு செய்திருக்கிறீர்கள், அப்படியும் இருக்கலாம். உங்கள் வட்டாரம் முழுதும் கெட்டிப் பாறை நிலம். மேலே சில மீட்டர் சிதைந்த பாறை, அதற்கடியில் வெடிப்புகள். மண்ணில் ஊறிப் போகும்போது நீர் வடிகட்டப்படும், பாறை வெடிப்பில் ஓடும்போது அப்படி வடிகட்டப்படுவதில்லை. ஆகவே கண்மாய் நீர் உங்கள் கிணற்றை எட்டுவது எளிது. அதே எளிமையோடு உங்கள் வீட்டுக் கழிப்பறைக் குழியின் நீரும், பக்கத்து வீட்டுக் குழியின் நீரும் எட்டும். குழிக்கும் கிணற்றுக்கும் குறைந்தது 15 மீட்டர், அதாவது ஐம்பது அடி இடைவெளி வேண்டும். பாறை வெடிப்புள்ள இடத்தில் அதற்கும் கூடுதலாக வேண்டும். ஒரு கயிற்றை எடுத்து இன்றைக்கே அளந்து பாருங்கள்.

இனி கண்மாய்.

மூன்று யோசனைகளையும் முதலில் எடைபோட்டு விடுவோம். 40 ஏக்கர் என்பது 16 ஹெக்டேர். சராசரியாக ஒன்றரை மீட்டர் நீர் நின்றால் 2,40,000 கன மீட்டர், அதாவது 24 கோடி லிட்டர். லிட்டருக்கு 5 மில்லிகிராம் குளோரின் கிடைக்க வேண்டுமென்றால்கூட 1,200 கிலோ குளோரின் தேவை. நல்ல பிளீச்சிங் பவுடரில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே குளோரின் இருக்கும் என்பதால், ஏறத்தாழ 4 டன் தூள் கொட்ட வேண்டியிருக்கும். கொட்டினாலும் பாசியும் சேறும் அதைச் சில மணி நேரத்தில் தின்றுவிடும். எஞ்சிய மீனும் தவளையும் நத்தையும் அழியும். அழிந்தவை அழுகி அடுத்த பாசிக்கு உரமாகும். பிளீச்சிங் பவுடருக்கு உரிய இடம் உங்கள் கிணறு. கிணற்றின் விட்டத்தையும் நீரின் ஆழத்தையும் மீட்டரில் அளந்து, விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, ஆழத்தால் பெருக்கி, பிறகு 785-ஆல் பெருக்கினால் எத்தனை லிட்டர் என்று தெரியும். ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் தூள் போதும். மூன்று மீட்டர் விட்டம், நான்கு மீட்டர் நீர் என்றால் 28,000 லிட்டர். தூள் 70 கிராம். அதை வாளியில் குழைத்து, தண்ணீர் சேர்த்துக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் மேல்நீரை மட்டும் இன்னொரு வாளியில் இறுத்துக் கிணற்றுக்குள் இறக்கிக் கலக்கிவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துப் புழங்குங்கள். இது கிருமிக்கான மருந்து. முன்பு சொன்ன நைட்ரேட்டுக்கு இதனால் பயன் இல்லை.

நுண்ணுயிர்க் கரைசலைப் பொறுத்தவரை, கழிவைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் உங்கள் கண்மாய்ச் சேற்றில் ஏற்கெனவே கோடானுகோடி இருக்கின்றன. அவற்றுக்குக் குறைவது ஆக்ஸிஜன்தான். வெளியிலிருந்து கொண்டுவந்து ஊற்றுகிறவையும் அதே மூச்சுத் திணறலில்தான் வாழ வேண்டும். கழிவு வந்துகொண்டே இருக்கும் நீர்நிலையில் இதற்காக ஊர்ப் பணத்தைச் செலவழிக்க நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

தூர்வாருவது நல்ல வேலைதான், ஆனால் முதல் வேலை அல்ல. பாசிக்கு உணவாகும் பாஸ்பரஸ் அடிச்சேற்றில் படிந்திருக்கும் என்பதால், கண்மாய் வற்றிய கோடையில் மேலடுக்குக் கரம்பையை அள்ளி வயலில் போடுவது கண்மாய்க்கும் வயலுக்கும் நன்மை. அதற்கு வட்டாட்சியரின் அனுமதி பெற்றுக்கொள்ளுங்கள். ஆனால் கரையின் அடிவாரத்தை ஒட்டித் தோண்டினால் கரை பலம் இழக்கும். மடையின் மட்டத்துக்குக் கீழே கண்மாய் முழுவதையும் ஆழப்படுத்தினால் அந்த நீர் மடை வழியே வயலுக்கு ஏறாது. கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் வழியே கழிவு வந்துகொண்டிருக்க, நீங்கள் எவ்வளவு ஆழப்படுத்தினாலும் அந்தக் கழிவுக்குத்தான் பெரிய குழி வெட்டிக் கொடுத்தவர்களாவீர்கள்.

அப்படியானால் கண்மாய்க்கு நேர்ந்தது என்ன? உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. குழாய் வந்த ஆண்டிலிருந்துதான் நீர் கெட்டது. வீட்டுக்குள் தண்ணீர் வருவதற்கு எல்லோரும் திட்டமிட்டார்கள். அதே தண்ணீர் அழுக்காகி வெளியே போகும் வழியை யாரும் யோசிக்கவில்லை. 300 வீடு, வீட்டுக்கு நான்கு பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்ற கிராமக் குடிநீர்த் திட்ட அளவையே வைத்துக்கொள்வோம். அதில் ஐந்தில் நான்கு பங்கு கழிவாக வெளியேறும் என்றால், நாளொன்றுக்கு 53,000 லிட்டர் ஆகிறது. குடத்தில் சுமந்து வந்த காலத்தில் வாழை மூட்டிலும் முற்றத்து மண்ணிலும் வற்றிப்போன நீர், இப்போது சிமெண்ட் வாய்க்காலில் ஒரு சொட்டும் மண்ணில் இறங்காமல் வரத்துக்காலுக்கு வந்து, அங்கிருந்து கண்மாய்க்குப் போகிறது. 24 கோடி லிட்டரோடு ஒப்பிட்டால் இது சிறிதுதான். ஆனால் தேங்கிய நீரில் லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் பாஸ்பரஸ் இருந்தாலே அது பச்சையாகிவிடப் போதும். கழிவுநீரில் அது பல மடங்கு இருக்கும்.

தை பிறந்ததும் ஏன் என்பதற்கும் காரணம் உண்டு. மார்கழிவரை மழைநீரும் கால்வாய் நீரும் வந்து கழிவை நீர்க்கச் செய்கின்றன. மிகுந்தது மறுகால் வழியே வெளியேறுகிறது. கால்வாய் அடைபட்டபின் கண்மாய்க்கு வரும் ஒரே புதுநீர் உங்கள் தெருச் சாக்கடைதான். வெயில் ஏறுகிறது, நீர் சுருங்குகிறது, உரம் செறிகிறது, பாசி பெருகுகிறது. பகலில் பாசி ஆக்ஸிஜனை உண்டாக்கும். இரவில் அதுவே ஆக்ஸிஜனை உட்கொள்ளும். 30 டிகிரி வெப்பமுள்ள நன்னீர் காற்றிலிருந்து ஏற்றுக்கொள்ளக்கூடிய ஆக்ஸிஜன் லிட்டருக்கு ஏறத்தாழ 7.5 மில்லிகிராம்தான், இரவு முழுதும் பாசியும் மீனும் சேற்றிலுள்ள நுண்ணுயிரும் அதைப் பங்கு போட்டால், கோழி கூவும் நேரத்தில் இரண்டுக்கும் கீழே இறங்கிவிடும். மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதை அப்போது பார்க்கலாம். யாரோ விஷம் வைத்துவிட்டார்கள் என்று ஊர்ச் சண்டை கிளம்புவது பெரும்பாலும் இப்படி ஒரு விடியலுக்குப் பிறகுதான். தயவுசெய்து அந்தப் பேச்சுக்கு இடம் கொடுக்காதீர்கள்.

குளிப்பதற்கான நீரில் ஆக்ஸிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது, மலக் கோலிஃபார்ம் கிருமிகள் 100 மில்லிலிட்டருக்கு 500-க்குள் இருப்பது நல்லது, 2,500-ஐத் தாண்டவே கூடாது என்பது மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவுகோல். நீர் பச்சையாக இருக்கும் மாதங்களில் பிள்ளைகளை இறங்க விடாதீர்கள். ஆடுமாடுகளுக்கும் இது பொருந்தும். காற்றடிக்கும் பக்கத்துக் கரையோரமாகப் பச்சைப் பெயிண்ட் ஊற்றியதுபோல் ஏடு படிந்திருந்தால், அது நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். அதன் சில வகைகள் நஞ்சு கக்குபவை. அந்த நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது.

ஆகவே கண்மாயைப் பார்த்துக்கொண்டு கரையில் நிற்பதை விட்டு, வரத்துக்காலின் தலைமுதல் கால்வரை நடந்து பாருங்கள் என்பதே என் ஆலோசனை. இதை நான் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் வாடிப்பட்டிப் பக்கம் ஒரு கண்மாயில் மீன் சாவதாக அழைத்தார்கள். மூன்று முறை போய் மூன்று முறையும் கண்மாய் நீரை மட்டுமே எடுத்துச் சோதித்தேன். ஆக்ஸிஜன் குறைவு என்பதற்கு மேல் ஒன்றும் பிடிபடவில்லை. நான்காம் முறை அந்த ஊர் நீர்பாய்ச்சி, என்னைவிட இருபது வயது மூத்தவர், "கண்மாய்க்குள்ளேயே தேடுறீங்களே, வாங்க, வரத்துக்கால்ல நடப்போம்" என்று அழைத்துப் போனார். இரண்டு கிலோமீட்டர் நடந்தபின், கருவேல மரங்களுக்குப் பின்னால் ஒரு நான்கு அங்குலக் குழாய். அதற்குக் கீழே கல்லெல்லாம் மெழுகு வார்த்ததுபோல வெள்ளையாகக் கொழுப்பு உறைந்திருந்தது. சோற்றுப் பருக்கையும் கறிவேப்பிலையும் அதில் ஒட்டிக் கிடந்தன. குழாய் ஒரு திருமண மண்டபத்தின் சமையற்கூடத்திலிருந்து வந்தது. ஊரார் குறித்து வைத்திருந்த மீன் செத்த தேதிகளை நாட்காட்டியோடு வைத்துப் பார்த்தோம். ஒவ்வொன்றும் ஒரு முகூர்த்த நாளுக்கு மறுநாளோ அதற்கடுத்த நாளோ வந்தது. கண்மாய்க் கரையிலேயே நின்றிருந்தால் முப்பது முறை சோதித்தாலும் அது எனக்குத் தெரிந்திருக்காது.

உங்கள் ஊரிலும் நீர்பாய்ச்சியையோ, வழிவழியாக மடை திறந்த குடும்பத்துப் பெரியவரையோ அழைத்துக்கொள்ளுங்கள். கடைகளில் கிடைக்கும் பேனா போன்ற உப்பளவு மீட்டர் ஒன்றும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும். பெரியாற்று நீர் மலைநீர். உப்பு மிகக் குறைவு. வரத்துக்காலில் ஒவ்வொரு குழாயும் வாய்க்காலும் வந்து சேரும் இடத்துக்குப் பத்தடி மேலேயும் பத்தடி கீழேயும் மீட்டரை நனைத்து எண்ணைக் குறியுங்கள். எண் எங்கே எகிறுகிறதோ அங்கே வந்து சேரும் நீர்தான் குற்றவாளி. இதைக் காலை ஆறு மணி முதல் ஒன்பது மணிக்குள் செய்ய வேண்டும், ஏனெனில் குளியலும் துவைப்பும் பாத்திரமும் அந்நேரத்தில்தான் நடக்கும். மதியத்தில் போனால் வாய்க்கால் காய்ந்து கிடக்கும், ஒன்றுமே இல்லை என்று திரும்பிவிடுவீர்கள்.

உங்கள் கண்மாய்க்கு இரண்டு நீர்வரத்து உண்டு. ஒன்று, 1895-ஆம் ஆண்டு முதல் மலையைக் குடைந்த சுரங்கம் வழியே கிழக்கே திருப்பப்பட்டு, வைகை அணையில் தங்கி, பேரணையில் பிரிந்து, 85,563 ஏக்கர் ஒரு போகப் பாசனத்துக்காக மேலூர்வரை வரும் பெரியாற்று நீர். மற்றொன்று உள்ளூர் மழைநீர். பாறைக் குன்றிலும் மேய்ச்சல் நிலத்திலும் மேட்டுக்காட்டிலும் விழுந்து ஓடிவருவது. ஒரு ஹெக்டேர் வெறும்பாறையில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஒரு இலட்சம் லிட்டர் நீர்; பாறை குடிப்பது சொற்பம் என்பதால் அதில் பெரும்பகுதி தூய நீராகவே கீழே வரும். உங்கள் வட்டத்திலேயே இருக்கும் அரிட்டாபட்டியை 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தபோது, அங்குள்ள ஏழு குன்றுகளின் தொடர் 72 நீர்நிலைகளுக்கும் 200 இயற்கை ஊற்றுகளுக்கும் நீர்பிடிப்பாக இருப்பதைக் காரணங்களில் ஒன்றாகக் குறிப்பிட்டது. ஒரு குன்றை வெட்டினால் கல் மட்டுமா போகிறது? அதன் கீழிருக்கும் கண்மாய்களின் தாய்மடியே போய்விடுகிறது. உங்கள் நடை பெரியாற்று வாய்க்காலோடு நின்றுவிடாமல், குன்றிலிருந்து வரும் ஓடைகளையும் சேர்த்ததாக இருக்கட்டும். அவற்றில் எது மண் மூடிக் கிடக்கிறது, எது ஒருவரின் வேலிக்குள் போய்விட்டது என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடமுள்ள வரைபடத்தோடு ஒப்பிட்டுக் குறியுங்கள். நல்ல நீர் வரும் ஓடை அடைபட்டுக் கெட்ட நீர் வரும் வாய்க்கால் மட்டும் திறந்திருந்தால், கண்மாய் வேறு எப்படி இருக்கும்? மதுரை நகருக்குள் கிருதுமால் ஆற்றின் கதி இதுதான். நல்ல நீர் வரத்து அற்றுச் சாக்கடை வரத்து மட்டும் நிலைத்த பிறகு, அதை ஆறு என்று பிள்ளைகளுக்குக் காட்டவே கூச்சமாக இருக்கிறது.

கண்டுபிடித்தபின் செய்ய வேண்டியவற்றில் பாதி உங்கள் குழுவின் கையிலேயே இருக்கிறது. இடமுள்ள வீடுகளில் குளியலறை, அடுப்படி நீரை வாழைக்கும் சேம்புக்கும் கல்வாழைக்கும் திருப்புங்கள். இடம் குறைந்த வீட்டில் மூன்றடிக்கு மூன்றடி உறிஞ்சுகுழி போதும். குழிக்கு முன்னால் எண்ணெயும் சோற்றுப் பருக்கையும் தங்க ஒரு சிறு தொட்டி கட்டாயம் வேண்டும். அதை வாரம் ஒருமுறை வழிக்காவிட்டால் ஆறே மாதத்தில் குழி அடைத்துக்கொள்ளும். உறிஞ்சுகுழித் திட்டங்கள் பல ஊர்களில் கெட்ட பெயர் வாங்கியது இந்தச் சிறு தொட்டியைக் கட்டாமல் விட்டதால்தான். கழிப்பறை நீர் எந்த வீட்டிலிருந்தும் தெரு வாய்க்காலுக்கு வரக் கூடாது. இதில் சலுகை காட்டாதீர்கள். வரத்துக்கால் ஓரத்துச் சாணக் குப்பைமேடுகளை நூறடியாவது தள்ளிப் போடச் சொல்லுங்கள். கழிவுநீர் லாரி இரவில் ஓடையில் கொட்டிப் போவதைக் கண்டால் வண்டி எண்ணோடு புகார் கொடுங்கள்.

எல்லா வீடும் மாறிவிடாது. மிஞ்சிய நீருக்காக, தெரு வாய்க்கால் வரத்துக்காலில் சேருமிடத்துக்குச் சற்று முன் இரண்டு அறைகள் கொண்ட படிவுத் தொட்டியும், அதையடுத்து ஜல்லி நிரப்பிக் கல்வாழையும் சம்பும் நட்ட படுகையும் அமைக்கலாம். அந்த நீரைச் சேரும் ஆட்களின் எண்ணிக்கைக்கு ஆளுக்கு ஒரு சதுர மீட்டருக்குக் குறையாமல் பரப்பு வேண்டும். பொறியாளரிடம் மட்டம் பார்த்துத்தான் கட்ட வேண்டும். தண்ணீர் ஜல்லிக்குள்ளேயே ஊர்ந்து போக வேண்டும், மேலே தேங்கினால் கொசு. படுகையின் செடியை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறுத்து அப்புறப்படுத்தினால், அது உறிஞ்சிய உரத்தில் ஒரு பகுதியும் அதோடு வெளியேறும்.

கண்மாயில் மீன் வளர்த்துப் பிடிக்கும் உரிமைக்கு விடும் மீன்பாசி ஏலத்தையும் மறக்காதீர்கள். குத்தகைக்காரர் மீன் கொழுக்கக் கோழிக் கழிவும் சாணமும் கொட்டினால் நீங்கள் தெருவில் செய்ததெல்லாம் வீண். அடுத்த ஏல நிபந்தனையில் அதற்குத் தடை எழுதச் சொல்லுங்கள்.

அலுவலகங்களைப் பொறுத்தவரை, ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், 100 ஏக்கருக்கு மேற்பட்ட கண்மாய் நீர்வளத்துறையின் பொறுப்பு. அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. உங்களுடையது எது என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொண்டால் பாதி அலைச்சல் மிச்சம். நீர்வளத்துறைக் கண்மாயாக இருந்து ஆக்கிரமிப்பும் இருந்தால், 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டத்தைக் குறிப்பிட்டு மனுக் கொடுங்கள். ஆலையோ மண்டபமோ கழிவு விடுவதாகத் தெரிந்தால் மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்குப் படத்தோடு எழுதுங்கள். படிவுத் தொட்டிக்கும் உறிஞ்சுகுழிக்கும் கிராமசபையில் தீர்மானம் வேண்டும். மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, ஜனவரி 26 ஆகிய நாட்களில் சபை கூடும். உங்கள் நோட்டுப் புத்தகத்தின் எண்களைத் தீர்மானத்தோடு இணையுங்கள். 'தண்ணீர் நாறுகிறது' என்ற மனு மேசையிலேயே கிடக்கும்; 'இந்தக் குழாய்க்கு மேலே உப்பளவு இவ்வளவு, கீழே இவ்வளவு' என்று எழுதினால் அதிகாரி நேரில் வந்து பார்க்காமல் தட்டிக்கழிக்க முடியாது.

கால்வாயில் தண்ணீர் விடுவது பெரும்பாலும் ஆவணி, புரட்டாசியில். ஆகவே ஆடிக்குள் வரத்துக்காலைச் செதுக்கி, குப்பையும் சீமைக்கருவேலும் அகற்றி, ஓடைகளைத் திறந்து வைத்துவிடுங்கள். முதல் மழை அடித்து வரும் அழுக்குதான் ஆண்டிலேயே மோசமானது. வேலை பலித்ததா என்பதை அறிய ஒரு பழைய எவர்சில்வர் தட்டை எடுத்துப் பாதிக்குக் கறுப்பும் பாதிக்கு வெள்ளையும் அடித்து, நடுவில் துளையிட்டு, அடியில் கல்லைக் கட்டி, சாண் சாணாக முடிச்சிட்ட கயிற்றில் நண்பகலில் மடைக்கருகே இறக்குங்கள். இப்போது ஒரு சாண் இறங்குவதற்குள் அது மறைந்துவிடும் என்று நினைக்கிறேன். வாரம் ஒருமுறை, அதே இடத்தில், அதே நேரத்தில், ஒருவரே பார்த்து எழுதி வரட்டும். இந்தப் பொறுப்பைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம் கொடுத்தால் ஒரு வாரம்கூடத் தவறாது. தையில் தட்டு மூன்று சாணுக்குத் தெரிந்தால் பாசி நன்றாகக் குறைந்துவிட்டது என்று கொள்ளலாம். அடிச்சேற்றிலுள்ள உரம் தீர இரண்டு மூன்று ஆண்டுகள் பிடிக்கும் என்பதால், முதல் தையிலேயே தெளியவில்லை என்று விட்டுவிட வேண்டாம்.

கிணற்றுச் சோதனை முடிவு வந்ததும் நைட்ரேட், குளோரைடு, கரைந்த உப்பின் மொத்த அளவு, கிருமி ஆகிய நான்கு எண்களையும், கயிறு வைத்து அளந்த அந்தத் தூரத்தையும் எனக்கு எழுதுங்கள். கண்மாயா, கழிப்பறைக் குழியா என்பதை அவற்றைக் கொண்டு பெருமளவு பிரித்துச் சொல்லிவிடலாம். மகளுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.